பொடக்காலித் தண்ணியும் அத்தை வீட்டு விதையும்



மாசிப் பனி போயி பங்குனி வெயில் வந்தாச்சு. போன மாசம் விடியக்காலையில மாட்டுக்குத் தட்டுப் போடப் போறப்ப துண்டைத் தலையில சுத்திக்கிட்டுப் போனேன். இப்ப ஏழு மணிக்கே முதுகு வேர்க்குது. வேப்ப மரம் பழைய இலையெல்லாம் கொட்டிட்டு செங்கொழுந்து விட்டிருக்கு. மத்தியானத்துல சுழிக்காத்து வாசல் புழுதியைச் சுருட்டிக்கிட்டு கிளுவை வேலி வரைக்கும் போயி அங்கேயே விழுந்துருது.

ரெண்டு நாளைக்கு முன்னால சென்னையில இருந்து மச்சினன் மக போன் பண்ணுச்சு. மாடியில பதினஞ்சு தொட்டி வச்சிருக்குது. "மாமா, தக்காளி நல்லாப் பூக்குது, ஆனா ஒரு பிஞ்சு கூட நிக்க மாட்டேங்குது. உரம் பத்தலையா?" அப்படீன்னு கேட்டுச்சு. "உரம் இல்ல கண்ணு, வெயிலு"ன்னேன். பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் சூடு இறங்காம இருந்தா தக்காளிப் பூவுல மகரந்தம் கெட்டுப்போயிரும். பூ கொட்டத்தான் செய்யும். எவ்வளவு தண்ணி ஊத்துனாலும், எந்த உரம் வச்சாலும் பிரயோசனம் இல்லை.

அதோட விட்டிருந்தா சரி. "அப்போ பழைய காலத்துல கோடையில காய்க்கு என்ன மாமா பண்ணுனீங்க?"ன்னு அடுத்த கேள்வியைப் போட்டுச்சு. போன்ல சொல்லி முடியற கதை இல்லைங்க அது. அதனால இந்த வாரம் அதையே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். இது எங்க வீட்டுப் பொடக்காலியோட சரித்திரம். பொடக்காலின்னா வீட்டுக்குப் பின்னால குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ வச்சிருக்கிற இடம். மத்த ஊர்ல புழக்கடை, கொல்லைன்னு சொல்றாங்களே, அதுதான்.

முதல்ல எங்க ஊர் வெயிலைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நாங்க இருக்கிறது காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்து வச்சுக்கிற மழை மறைவுப் பக்கம். தமிழ்நாட்டுக்கு வருஷ சராசரி மழை 92 செ.மீ. பக்கம் சொல்லுவாங்க. எங்களுக்கு அதுல மூணுல ரெண்டு பங்கு வந்தாலே பெரிய மழை வருஷம். மார்ச்சுல இருந்து மே வரைக்கும் பெய்யிற கோடை மழை மாநிலம் முழுக்கவே 12, 13 செ.மீ. அளவுதான். அதாவது வருஷ மழையில ஏழுல ஒரு பங்கு. அதுவும் ஒரே சாயங்காலம் இடி மின்னலோட கொட்டிட்டு, அடுத்த இருபது நாளைக்கு எட்டிப் பாக்காது.

மாசி பாதியில ஏற ஆரம்பிக்கிற வெயில் சித்திரை 21-ல கத்திரியில நிக்கும். அக்கினி நட்சத்திரம்னு காலண்டர்ல போட்டிருப்பாங்களே, மே 4-ல இருந்து 28 வரைக்கும், அதுதான். வைகாசிக் கடைசியில பாலக்காட்டுக் கணவாய் வழியா மேகாத்து அடிக்க ஆரம்பிச்சாத்தான் எங்களுக்கு உசிர் வரும். ஆக, மாசியில இருந்து வைகாசி வரைக்கும் மூணரை மாசம். காட்டுல ஒண்ணும் இருக்காது. சோளமும் கம்பும் வீட்டுக்கு வந்திருக்கும். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றாங்க, சரி. ஆடி வரைக்கும் குழம்புக்கு என்ன பண்றது? அந்த மூணரை மாசத்துக்குப் பதில் சொன்னது பொடக்காலி.

இப்ப நம்ம காய்களோட வயசைப் பாப்போம். நாட்டுக் காய், இங்கிலீஷ் காய்னு சந்தையில ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கோம். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் இங்கிலீஷ் காய். மிளகாய் நாட்டுக் காய், பரங்கி நாட்டுக் காய், தக்காளி நாட்டுக் காய்னு நினைக்கிறோம். உண்மை அது இல்லைங்க. மிளகாய், தக்காளி, பரங்கி, உருளை, மரவள்ளி, மக்காச்சோளம், நிலக்கடலை, பப்பாளி, கொய்யா எல்லாத்துக்கும் பிறந்த வீடு அமெரிக்கக் கண்டம். 1492-ல கொலம்பஸ் அந்தப் பக்கம் போனதுக்கு அப்புறம், 1498-ல வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுல வந்து இறங்குனதுக்கு அப்புறம், போர்ச்சுக்கீசியக் கப்பல்கள்ல ஒவ்வொண்ணா வந்து சேந்துச்சு. அதுக்கு முன்னால நம்ம சமையல்ல காரம்னா மிளகுதான். புதுசா வந்த காயும் மிளகு மாதிரியே காரமா இருந்ததால அதுக்கு மிளகாய்னு பேர் வச்சாங்க. பரங்கிக்காய்ங்கிற பேர்லயே பறங்கியர் உக்காந்திருக்காங்க. எங்க பக்கம் அதை அரசாணிக்காய்னு சொல்லி உள்ளூர் ஆளாவே மாத்திட்டோம். எங்க ஆத்தா தக்காளியைக் கடைசி வரைக்கும் சீமைத் தக்காளின்னுதான் சொல்லுச்சு. (எங்க ஊர்ல அப்பாவோட அம்மாவை ஆத்தான்னும், அப்பாவோட அப்பாவை அப்பாருன்னும் சொல்லுவோம்.) சாறுக்குப் புளி இருக்கறப்ப அது எதுக்குன்னு கேக்கும்.

நிசமாவே இந்த மண்ணுல பூர்வீகம்னு சொல்லணும்னா கத்தரி, பீர்க்கன், முருங்கை, வெள்ளரி மாதிரிக் காய்களைச் சொல்லணும். சுரைக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கான்னாலும், பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே வந்து நம்ம வீட்டுக் கூரை மேல ஏறிருச்சு. இதுல கவனிச்சுப் பாத்தா ஒண்ணு தெரியும். கோடை வெயிலைத் தாங்கி நிக்கிறது பெரும்பாலும் இந்தப் பழைய கூட்டம்தான். தென் அமெரிக்க மலைப் பக்கத்துல பொறந்த தக்காளி கத்திரி வெயிலுக்குச் சுருண்டுக்குது. பீர்க்கனும் கொத்தவரையும் வெண்டையும் தண்டங்கீரையும் நின்னு காய்க்குது. மச்சினன் மகளோட முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இதுலயே இருக்குது.

மீதிப் பாதி தண்ணியில இருக்குது.

எங்க கிணறு எழுபது அடி. அடியில பாறை. அப்பாரு காலத்துல தண்ணி எடுத்தது கவலையில. ரெண்டு எருது சரிவுல இறங்கி நடக்கும், வடம் இழுக்கும், சால் நிறையத் தண்ணி மேல வரும், தோல் தும்பி வழியா வாய்க்கால்ல கொட்டும். விடியக்காலம் மூணு மணிக்குக் கட்டுனா வெயில் ஏறுறதுக்குள்ள அவிழ்த்துருவாங்க. எருது தாங்காது. பங்குனி, சித்திரையில கிணத்துல தண்ணி கீழ போயிரும். ஒரு மணி நேரம் இறைச்சா ஊறுறதுக்குக் காத்திருக்கணும். அந்தத் தண்ணி முதல்ல மாட்டுக்கு, அப்புறம் மனுசனுக்கு, மிச்சம் இருந்தா கொஞ்சம் ராகிக்கு. வீட்டுக் காய்கறிக்குன்னு ஒரு சால் தண்ணி கேட்டா அப்பாரு எருது ஓட்டுற சாட்டையைக் காட்டுவாருன்னு எங்க அப்பா சொல்லுவாரு.

அதனால ஆத்தா கிணத்துத் தண்ணியைக் கேக்கவே இல்லை. வீட்டுல புழங்குன தண்ணியை எடுத்துக்கிச்சு.

கணக்குப் போட்டுப் பாத்தேன். அப்போ வீட்டுல ஏழு பேர். ஆளுக்கு ரெண்டு குடம்னு குளிச்சாலே பதினாலு குடம். குடத்துக்கு 15 லிட்டர்னா 210 லிட்டர். பாத்திரம் கழுவுறது, கை கால் கழுவுறது தனி. தினமும் இருநூறு லிட்டருக்கு மேல பொடக்காலியில இருந்து வெளிய போகும். கழுதண்ணி மட்டும் இதுல சேராது, அது மாட்டுத் தாழிக்குப் போயிரும். மத்ததெல்லாம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல வெட்டுன ஒரு சாண் அகல வாய்க்கால்ல ஓடும்.

அந்த வாய்க்கால்ல எது எங்க இருக்கணும்னு ஒரு வரிசை இருந்துச்சு. கல்லை ஒட்டி வாழை. அழுக்கும் வெதுவெதுப்பும் முதல்ல அதுக்குத்தான். அடுத்து சேம்பு. அதைத் தாண்டி தண்ணி கொஞ்சம் தெளிஞ்சதும் ரெண்டு கத்தரிப் பாத்தி, வெண்டை, கொத்தவரை. கடைசியில பந்தல். பந்தல்ல பீர்க்கனும் பாகலும், வேலியோரம் சுரை. பந்தலுக்கு அடியில நிழல்ல தண்டங்கீரை, அரைக்கீரை. மேல இருக்கிற கொடி கீழ இருக்கிற கீரைக்கு நிழல் கொடுக்கும், கீரை மண்ணை மூடி ஈரத்தைக் காப்பாத்தும். இதுக்கெல்லாம் யாரும் வகுப்பு எடுக்கலைங்க. வெயில் அடிச்சு அடிச்சுச் சொல்லிக் கொடுத்த பாடம்.

அந்தத் தண்ணி செடிக்கு ஒத்துக்கிட்டதுக்கு ஒரு காரணம் உண்டு. தலைக்கு அரப்பு, சீயக்காய். பாத்திரத்துக்குச் சாம்பலும் தேங்காய் நாரும். இதெல்லாம் மண்ணுக்குக் கெடுதல் இல்லை. சோப்புத்தூள் எங்க ஊர்க் கடையில பாக்கெட் பாக்கெட்டாத் தொங்க ஆரம்பிச்சது எனக்கு நினைவு தெரிஞ்சதுக்கு அப்புறம்தான். அதுக்கப்புறம் வாழை மட்டும்தான் தாங்குச்சு, கீரை இலை ஓரமெல்லாம் கருகுச்சு.

1942-ல பர்மாவை ஜப்பான்காரங்க பிடிச்சதும் அங்கிருந்து வந்த அரிசி நின்னு போச்சு. வெள்ளைக்கார சர்க்கார் அதிக உணவு விளைவிப்போம்னு ஒரு இயக்கமே நடத்துனாங்க. இங்கிலாந்துல புல்வெளியைக் கொத்தி உருளையும் கோசும் போட்ட காலமும் அதுதான். வீட்டைச் சுத்திக் காய் போடுங்கன்னு டவுன்ல சொல்றாங்களாமேன்னு யாரோ வந்து சொன்னப்ப, ஆத்தா "இத்தனை நாளா அவிய என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"ன்னு கேட்டுச்சாம். அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

அடுத்து வந்தது கரண்டு. நீலகிரியில பைக்காரா மின் நிலையம் 1932-ல ஓட ஆரம்பிச்சது. கோயமுத்தூர்ல மில்லுக பெருகுனதும், கொங்கு நாட்டுக் கிணறுகள்ல மோட்டார் உக்காந்ததும் அதுக்கப்புறம்தான். எங்க கிராமத்துக்கு வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சு. மோட்டார் வந்ததும் கரண்டு பில்லும் வந்துச்சு. கட்டணத்தைக் கொறைக்கச் சொல்லி விவசாயிக போராடுனாங்க. 1970 ஜூன் மாசம் பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூட்டுல மூணு விவசாயிக செத்துப் போனாங்க. 1972-ல நாராயணசாமி நாயுடு தலைமையில கோயமுத்தூர்ல மாட்டு வண்டியைக் கொண்டாந்து ரோட்டுல நிறுத்துன போராட்டம் நாடே பாத்தது. எங்க அப்பாவும் வண்டி கட்டிக்கிட்டுப் போனவரு. பின்னால 1984-ல சிறு விவசாயிகளுக்கும், 1990-ல இருந்து எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாச்சு. இன்னைக்கு நான் அஞ்சு எச்.பி. மோட்டாரைக் காசு கட்டாம ஓட்டுறேன்னா அது சும்மா வந்ததில்லை, உசிரைக் கொடுத்து வாங்குனது. அதை மறந்து பேசக்கூடாது.

ஆனா அந்தத் தண்ணி பொடக்காலியை என்ன பண்ணுச்சுன்னும் சொல்லித்தான் ஆகணும். பட்டனை அமுக்குனா தண்ணி கொட்டுறப்ப, குளிச்ச தண்ணிக்கு எவன் வாய்க்கால் வெட்டுவான்? காய்கறி வீட்டுப் பின்னால இருந்து தோட்டத்துக்குப் போச்சு. நாலு செடியா இருந்தது அரை ஏக்கர் ஆச்சு. குழம்புக்கு இருந்தது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போச்சு. பெண்டுக கையில இருந்தது ஆம்பளைக கையில வந்துச்சு. காசும் வந்துச்சு, பொய் சொல்லலை. என் தங்கச்சி கல்யாணம் அந்தத் தக்காளியிலயும் பீர்க்கங்காயிலயும்தான் நடந்துச்சு.

இனி விதைக் கதை. இதுல என் தப்பும் இருக்குது.

பீர்க்கங்காயில நல்லா முத்துன ரெண்டு காயைப் பறிக்காமக் கொடியிலேயே விட்டு, காய்ஞ்சதும் அடுப்புக்கு மேல புகை படுற இடத்துல கட்டித் தொங்க விட்டிருக்கும் ஆத்தா. விதை அந்தக் கூட்டுக்குள்ளேயே இருக்கும். பூச்சி அண்டாது. சுரை விதையைச் சாணியில பதிச்சுச் சுவத்துல வரட்டியாத் தட்டி வைக்கும். கத்தரி விதையைச் சாம்பல்ல பிசைஞ்சு காயவச்சு சுரைக் குடுக்கையில போட்டு வைக்கும். இதெல்லாம் பல வீட்டுல இருந்த பழக்கம்தான்.

ஆத்தா கூடுதலா ஒண்ணு சொல்லும்: "விதை மூணு ஊட்டுல இருக்கோணும்." நம்ம வீடு, பொறந்த வீடு, பொண்ணைக் கட்டிக் கொடுத்த வீடு. தாது வருஷப் பஞ்சத்துல, அதான் 1876-ல ஆரம்பிச்ச பெரும் பஞ்சத்துல, ஆத்தாவோட அம்மாயி சின்னப் புள்ளையாம். அப்போ பல வீட்டுல விதைக்குன்னு வச்சிருந்ததையும் தின்னு தீத்துட்டாங்களாம். பஞ்சம் போனதுக்கு அப்புறம் மழை பேஞ்சும் போடறதுக்கு விதை இல்லாம, கட்டிக் கொடுத்த பொண்ணு வீடு தேடி நடந்து போனாங்களாம். அந்தப் பயம் தலைமுறை தாண்டி வந்து எங்க ஆத்தா வாயில இருந்துச்சு. என் அத்தையைக் கட்டிக் கொடுத்தப்ப, சீரோட சீரா ஒரு காய்ஞ்ச பீர்க்கங்கூட்டைத் துணியில சுத்திக் கொடுத்து விட்டுச்சாம். அத்தை போனது மூலனூர்ப் பக்கம், கிணறு கூட ஒழுங்கா இல்லாத மேட்டுக்காட்டு ஊர்.

எங்க வீட்டு அந்தப் பீர்க்கன் குட்டையா, குண்டா இருக்கும். தோல் மெல்லிசு. பாக்குறதுக்கு அழகு கிடையாது. ஆனா சித்திரை வெயில்ல காய்க்கும். பீர்க்கன், பாகல் மாதிரிக் கொடிகள்ல ஆண் பூ வேற, பெண் பூ வேற. சூடு ஏற ஏற ஆண் பூவாவே பூக்கும், பிஞ்சு வராது. எங்க குட்டைப் பீர்க்கன் அந்தச் சூட்டுலயும் பெண் பூ விடும். அதுதான் அதோட பெருமை.

1988-ல மத்திய அரசு புது விதைக் கொள்கை கொண்டாந்துச்சு. வெளிநாட்டுக் காய்கறி விதை வர்றதுக்கு வழி விரிஞ்சுச்சு. அடுத்த பத்து வருஷத்துல எங்க ஊர் உரக்கடையெல்லாம் கலர் கலராப் பாக்கெட்டு. 1997 வாக்குல நானும் வீட்டை ஒட்டுன அரை ஏக்கர்ல ஒட்டு ரகப் பீர்க்கன் போட்டேன். ஒரு முழம் நீளம், எல்லாம் ஒரே அளவு. மார்க்கெட்டுல முதல் விலை. மூணு வருஷம் தொடர்ந்து போட்டேன்.

எங்க அம்மா அப்பவும் பொடக்காலிப் பந்தல்ல பழைய விதையைத்தான் போட்டுக்கிட்டு இருந்துச்சு. பீர்க்கம்பூ சாயங்காலம் விரியும். வண்டும் அந்துப்பூச்சியும் தேனீயும் ஒரு பூவுல இருந்து இன்னொரு பூவுக்குப் போகும். அதுக்கு இது நாடு, அது ஒட்டுன்னு தெரியுமா? மூணாவது வருஷம் அம்மா போட்ட கொடியில ஒரு காய் நீளம், ஒரு காய் குட்டை, ஒண்ணுல வரி இருக்குது, ஒண்ணுல இல்லை. சித்திரை வந்ததும் அத்தனையும் ஆண் பூ.

"விதை கெட்டுப் போச்சு கண்ணு"ன்னு அம்மா சொல்லுச்சு.

"போச்சாப் போகுது விடும்மா, பாக்கெட்டு அம்பது ரூபாய்க்குக் கிடைக்குது"ன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அம்மா பதில் பேசலை. அடுத்த வருஷம் பந்தல் போடலை. அதுக்கடுத்த வருஷம் நான் பொடக்காலியில பாதியைச் சிமெண்ட் போட்டு மூடிட்டேன். சேறு இல்லாமச் சுத்தமா இருக்கட்டும்னுதான்.

கிணறு வத்துனதும் போர் போட்டேன். முதல்ல 600 அடி. அப்புறம் 900. 2016-ல ஐப்பசி, கார்த்திகை மழை தமிழ்நாட்டுக்கே 60 சதவீதத்துக்கு மேல குறைஞ்சு போச்சு. 2017 ஜனவரியில மாநிலத்துல எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அறிவிச்சாங்க. அந்தப் பங்குனியில எங்க போர்ல இருந்து காத்துதான் வந்துச்சு. தோட்டம் முழுக்கக் காஞ்சு கிடக்குது. ஒட்டு விதைப் பாக்கெட்டு ரெண்டு பிரிக்காம அலமாரியில இருக்குது. தண்ணி இல்லாம அதை வச்சு என்ன பண்றது?

குடிக்க, குளிக்க லாரித் தண்ணி வாங்குனோம். ஒரு நாள் காலையில பல் விளக்கிக்கிட்டு நிக்கிறேன். சிமெண்ட் முடியற ஓரத்துல, குளிச்ச தண்ணி வழிஞ்சு போற இடத்துல மட்டும் ஒரு பச்சை. தானா முளைச்ச தண்டங்கீரை நாலஞ்சு, முழங்கால் உயரம். ரெண்டரை ஏக்கர்ல அது ஒண்ணுதான் பச்சை. அம்மா அதைக் கிள்ளிக்கிட்டு இருந்துச்சு, கடைசல் பண்ண. ஒரு வார்த்தை என்னைக் குத்திப் பேசலைங்க. பேசியிருந்தாக் கூடப் பரவால்ல.

அந்த வாரமே பைக்கை எடுத்துக்கிட்டு மூலனூர்ப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தைக்கு அப்போ எழுபது தாண்டிருச்சு. "என்ன சாமி இந்த வெயில்ல?"ன்னு மோரு கொடுத்துச்சு. விதைன்னு நான் வாயெடுக்கறதுக்குள்ள அண்ணாந்து பாத்தேன். அடுப்புக்கு மேல, புகை படிஞ்சு கறுத்துப் போயி, குட்டையா ஒரு பீர்க்கங்கூடு தொங்குது.

அந்த ஊர்ல யாரும் பீர்க்கன் வெள்ளாமை போட்டதே இல்லை. தண்ணி கிடையாது. அத்தை மட்டும் பாத்திரம் கழுவுற தண்ணியில வருஷம் ரெண்டு கொடி விட்டுக்கிட்டே வந்திருக்குது. கலக்கறதுக்குப் பக்கத்துல வேற கொடி இல்லாததால விதை அப்படியே இருந்திருக்கு. வசதி இல்லாத ஊர்தான் எங்க வீட்டு விதையை அம்பது வருஷம் காப்பாத்திக் கொடுத்துச்சு. அத்தை கூட்டைத் தட்டி, நல்ல கறுப்பு விதையாப் பாத்து பதினொண்ணு எடுத்து என் சட்டைப் பையில போட்டுச்சு. "எங்கம்மா கொடுத்ததைத்தான் சாமி திருப்பித் தர்றேன்"னு சொல்லுச்சு.

சிமெண்ட்டைக் கடப்பாரை வச்சு நானே பேத்தேன். வாய்க்கால் வெட்டுனேன். பதினொண்ணுல எட்டு முளைச்சுது. அந்த வருஷம் லாரித் தண்ணியில குளிச்சுக்கிட்டே வைகாசி வரைக்கும் பீர்க்கங்காய் தின்னோம். இன்னைக்கு வரைக்கும் வருஷம் தவறுனதில்லை. தோட்டத்துல இப்பவும் ஒட்டு ரகம் போடுறேன், மார்க்கெட்டுக்கு அதுதான் வேணும். ஆனா பீர்க்கன் மட்டும் தோட்டத்துல போடுறதில்லை.

இனி மச்சினன் மகளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். இந்த வெயிலுக்குத் தக்காளியோட மல்லுக்கட்டாதீங்க, அது ஆடிக்கு மேல பாத்துக்கலாம். இப்ப வெண்டை, கொத்தவரை, தண்டங்கீரை, பீர்க்கன், சுரை போடுங்க. தண்ணி சாயங்காலம் ஊத்துங்க. தொட்டி மண்ணு மேல காய்ஞ்ச இலை, தென்னை நார் ஏதாச்சும் ரெண்டு விரக்கடை மூடாக்குப் போடுங்க. பெரிய தொட்டியா இருந்தா சின்ன மண்கலயம் ஒண்ணு வாங்கி, அடியில சின்ன ஓட்டை போட்டு, துணித் திரி செருகி, செடிக்குப் பக்கத்துல கழுத்து வரைக்கும் புதைச்சு அதுல தண்ணி ஊத்தி மூடி வைங்க. வேருக்கு மெதுவாக் கசியும், வெயில் குடிக்காது. அரிசி, காய் கழுவுன தண்ணியை எடுத்து வச்சு ஊத்துங்க. சோப்புத்தூள் தண்ணியைக் கீரைக்கு ஊத்த வேண்டாம்.

இப்ப எங்க வீட்டுல ஒரு சின்னப் பஞ்சாயத்து ஓடுது. பையன் திருப்பூர்ல வேலை பாக்குறான், கார் வாங்கியிருக்கான். பொடக்காலிப் பக்கம் முழுக்கக் கல் பதிச்சா வண்டி நிறுத்தலாம்ங்கிறான். அவன் சொல்றதும் நியாயம்தான். நானும் அவன் வயசுல அதையேதான் பண்ணுனேன். அம்மாவுக்கு இப்ப எழுபத்தஞ்சு தாண்டிருச்சு. பேரன்கிட்ட ஒண்ணும் பேசலை. நேத்துப் பாத்தேன், வாய்க்கால் ஓரமாக் கல்லை வரிசையா அடுக்கிக்கிட்டு இருந்துச்சு. "இது வரைக்கும் வண்டி நிக்கட்டும். இதுக்கு அந்தப் பக்கம் வேண்டாம்"னு சொல்லுச்சு. அஞ்சு அடி அகலம் மிச்சம். அது போதும்.

போன வாரம் தபால்ல சென்னைக்கு அஞ்சு விதை அனுப்பியிருக்கேன். அத்தை போன வருஷம் தவறிப் போச்சுங்க. மூணு வீட்டுல ஒண்ணு குறைஞ்சு போச்சு. மச்சினன் மக மாடியில அந்தக் கொடி ஏறுனா கணக்குச் சரியாயிரும். காய் பறிச்சுத் தின்னு கண்ணு, ஆனா ஒண்ணை மட்டும் கொடியிலேயே முத்த விடுன்னு சொல்லியிருக்கேன். உங்க ஊர்ப் பக்கமும் யாராவது அத்தை, பெரியம்மா வீட்டு அடுப்பு மேல இப்படி ஏதாவது தொங்கலாம். இந்த லீவுல போனா ஒரு தடவை அண்ணாந்து பாருங்க.

வெயில் ஏறிருச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும். அடுத்த வாரம் பாப்போமுங்க.